ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட்ட பதினொரு மாதம்

அத்தையின் இடது காலில் இருந்த தீக்காயத் தழும்புக்கும் என் கணவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. 1984இல் இவர் கைக்குழந்தை. வடசென்னை காசிமேட்டில் அப்போது குடிசை வீடு. பம்ப் ஸ்டவ் வெடித்து அத்தையின் புடவையில் தீப்பிடித்தது. முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் முழுக்க வெந்துபோய், ஆஸ்பத்திரியில் வாழை இலை மேல் கிடந்ததை அத்தையே பல தடவை சொல்லியிருக்கிறார். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எத்தனை நாள் படுத்திருப்பது என்று பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். புண் தானாக மூடிக்கொண்டது. ஆனால் அந்தத் தோல் கடைசிவரை மெழுகுத்தாள் மாதிரி மெல்லிசாகவே இருந்தது. கருவாட்டுக் கூடை இடித்தால்கூட வெடித்துவிடும். வெடிக்கும், காயும், மறுபடி வெடிக்கும். முப்பத்தெட்டு வருடம் அப்படியே போனது.

2022 நடுவில் வெடித்த இடம் மூடவில்லை. ஐந்து ரூபாய்க் காசு அளவுதான் இருந்தது. தெருமுனை கிளினிக்கில் சர்க்கரைப் புண் என்று சொல்லி ஏழு மாதம் களிம்பும் ஊசியும் கொடுத்தார்கள். அத்தைக்குச் சர்க்கரை இருந்தது உண்மைதான், அதனால் நாங்களும் சந்தேகப்படவில்லை. இன்று நினைத்தால் வயிறு எரிகிறது. புண்ணின் ஓரம் தடித்து, வெளிப்பக்கம் சுருண்டு, காலிஃபிளவர் மாதிரி மேலே வளர்ந்துகொண்டிருந்தது. துணி பட்டாலே ரத்தம் கசிந்தது. சாதாரணப் புண் குழியாகும், அல்லது மூடும். மேலே வளர்கிற புண் எதுவானாலும் பயப்பட வேண்டும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். பழைய தீக்காயத் தழும்பில் வந்த புண் இரண்டு மாதத்தில் ஆறவில்லையென்றால், கேட்டு வாங்கியாவது ஓரத்திலிருந்து சதைப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் தப்பிப்போகலாம், நாலைந்து இடத்தில் எடுக்க வேண்டும்.

2023 பிப்ரவரியில் ரிசல்ட் வந்தது. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, தோல் புற்றுநோய். தழும்பில் வருகிற இந்த வகைக்கு மார்ஜோலின் அல்சர் என்று பெயர். 1828இல் ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர் தழும்புப் புண்களைப் பற்றி எழுதினாராம், அவருடைய பெயர். தோல் ஒட்டு வைக்காமல் தானாக மூடிய தீக்காயத்தில் முப்பது வருடம் கழித்துக்கூட இது வரும் என்று டாக்டர் விளக்கியபோது அத்தை என்னைத்தான் பார்த்தார். இவரைப் பார்க்கவில்லை. பிள்ளைக்காகப் பாதியில் எழுந்து வந்த கதை இவருக்கும் தெரியும் என்பதால்.

காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்கள். ஆனால் ஸ்கேனில் தொடை இடுக்கு நெறிகட்டியிலும் நுரையீரலிலும் பரவியிருந்தது. காலை எடுத்தாலும் நோய் போகாது என்றதும் அத்தை முடிவு சொல்லிவிட்டார்: "ரெண்டு காலோட வந்தேன், ரெண்டு காலோட போறேன்." வலிக்கும் ரத்தக் கசிவுக்கும் பத்து நாள் கதிர்வீச்சு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சீட்டில் ‘தினமும் டிரஸ்ஸிங்’ என்று எழுதியிருந்தது. எப்படி, எதை வைத்து என்று ஒன்றும் இல்லை.

முதல் மூன்று வாரம் நான் செய்ததெல்லாம் தவறு. அதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் இதைத்தான் செய்கிறார்கள். பீட்டாடைன் ஊற்றினேன். காய்ந்த காஸ் துணியை நேராகப் புண் மேல் வைத்துக் கட்டினேன். மறுநாள் அது சதையோடு ஒட்டிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு சர்ரென்று இழுத்தால் வலி சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்து இழுப்பேன். அத்தை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுவார். காஸோடு சதை வரும், பின்னாலேயே ரத்தம் வரும். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள் என்று டெட்டால் கலந்த தண்ணீரில் கழுவினேன். இன்னொரு நாள் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். மஞ்சள் காய்ந்து புண்ணுக்குள் பொருக்குப் பொருக்காகப் பிடித்துக்கொண்டது. அதை எடுக்க நான்கு நாள் ஆனது.

அப்புறம்தான் சிஸ்டர் வந்தார். 2021இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவது எல்லாருக்கும் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும், அதாவது நோய் போகாவிட்டாலும் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கிற கவனிப்பும், அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் மாத்திரை கொண்டுவந்த அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நீங்கள் இருக்கிற பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள்.

சிஸ்டர் கட்டைப் பிரிக்கவே இல்லை. முதலில் அத்தையிடம் உட்கார்ந்து, "ஆயா, உங்களுக்கு இதுல எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டார். நான் வலி என்று சொல்வார் என நினைத்தேன். அத்தை, "வாடைம்மா" என்றார். "அம்பது வருஷம் கருவாடு வித்தவ நான். அந்த வாடை என்னோட தொழில். இது என் ஒடம்பு அழுகுற வாடை. பேரப்பசங்க கிட்ட வர்றதில்ல."

வெளியே வந்ததும் சிஸ்டர் என்னிடம் சொன்னது: "இந்தப் புண் ஆறாதும்மா. நீ அதை ஆத்தப் பாக்குற, அதான் ரெண்டு பேரும் கஷ்டப்படுறீங்க. ஆளைத்தான் ஆத்தணும்." அன்றிலிருந்து கட்டுப் போடுவது என்பதே எனக்கு வேறு வேலையாக மாறியது. புண் சின்னதாகிறதா என்று அளந்து பார்ப்பதை விட்டேன். வாடை, வலி, கசிவு, ரத்தம் இந்த நான்கில் இன்று எது அதிகம் என்று மட்டும் பார்த்தேன். எந்தப் பொருளை வைத்துக் கட்டுவது என்பது அதிலிருந்து தானாக வந்தது.

வலியிலிருந்து தொடங்குகிறேன். அத்தைக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள், நாங்கள்தான் பயந்து கொடுக்காமல் வைத்திருந்தோம். மார்ஃபின் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடும், அடிமையாகிவிடுவார்கள் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் இரண்டும் நடக்காது. கட்டைத் தொடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் ஒரு மாத்திரை கொடுக்கச் சொன்னார் சிஸ்டர். அது ஒன்றே பாதி வேலையை முடித்தது. மாத்திரை கொடுத்துவிட்டு வெந்நீர் வைப்பேன், துணி எடுத்து வைப்பேன், அதற்குள் நேரம் சரியாக இருக்கும். மார்ஃபினோடு மலமிளக்கும் மாத்திரையும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு ஐந்து நாள் மலம் போகாமல் அத்தை பட்ட பாடு, புண்ணைவிட மோசம். இன்னொன்று, மார்ஃபின் சாதாரண மருந்துக் கடையில் கிடைக்காது. அனுமதி பெற்ற ஆஸ்பத்திரிகளில்தான் கிடைக்கும். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி அனுமதி முறையைச் சுலபமாக்கியிருக்கிறார்கள். அப்படியும் கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்னாலேயே போய் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கழுவுவதற்கு உப்புத் தண்ணீர் போதும். எங்கள் பக்கம் அடிபம்புத் தண்ணீர் கரிக்கும், அது ஆகாது. கேன் தண்ணீரோ மெட்ரோ வாட்டரோ ஒரு லிட்டர் நன்றாகக் கொதிக்கவிட்டு, சமையல் உப்பு இரண்டு டீஸ்பூன் தலைதட்டிப் போட்டு மூடி வைப்பேன். ஒரு நாளைக்குத்தான், மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். கடையில் சலைன் பாட்டில் வாங்கினாலும் திறந்த பிறகு அதே கணக்குதான். முக்கியமாக, கை பொறுக்கிற வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். சில்லென்று ஊற்றினால் புண் சுள்ளென்று வலிக்கும்.

பழைய கட்டின் மேலேயே இந்தத் தண்ணீரை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால்! ஊறிய பிறகு ஓரத்திலிருந்து மெல்ல உரித்தால் தோசை திருப்புகிற மாதிரி வந்துவிடும். வராத இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும், இழுக்கக் கூடாது. ஊசி கழற்றிய இருபது மில்லி சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து மெதுவாகப் பீய்ச்சிக் கழுவுவேன். பஞ்சால் தேய்ப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன். செத்த சதை கருப்பாகத் தொங்கினால் கத்தரிக்கோலால் வெட்டத் தோன்றும். அது மட்டும் வேண்டாம். இந்தப் புண்ணில் எது செத்த சதை, எது ரத்தக் குழாய் என்று நமக்குத் தெரியாது.

வாடைக்கு வந்த மருந்து விலை குறைந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். காற்றில்லாமல் வாழ்கிற கிருமிகள் செத்த சதைக்குள் குடியிருப்பதால்தான் அந்த நாற்றம். அவற்றைக் கொல்வது மெட்ரோனிடசோல், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற அதே மாத்திரை. மாத்திரையை நன்றாக மாவாக இடித்துப் புண் மேல் தூவ வேண்டும், உப்புத் தூவுகிற மாதிரி. மேல்பூச்சு உள்ள மாத்திரை நைசாக வராது, திப்பி குத்தும், அதனால் பூச்சில்லாததாகக் கேளுங்கள். சில வாரம் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி வருகிற மெட்ரோனிடசோல் நூறு மில்லி பாட்டிலை வாங்கி, அதில் காஸை நனைத்து வைத்தோம். அது தூவுவதைவிடச் சுலபம், எல்லா மடிப்பிலும் படும். ஜெல்லும் இருக்கிறது, ஆனால் அந்தச் சின்ன ட்யூப் எங்கள் புண்ணுக்கு ஒரு வேளைக்குக்கூடப் போதவில்லை. மாத்திரை தூவ ஆரம்பித்த நான்காம் நாள் என் சின்னவன் ஆயா கட்டிலில் ஏறி உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தை அசையாமல் படுத்திருந்தார், அசைந்தால் அவன் இறங்கிவிடுவானோ என்று.

ஊதுவத்தியும் சாம்பிராணியும் வேண்டாம். நாங்கள் முதலில் ஏற்றினோம். இரண்டு வாடையும் கலந்து, பிறகு கோயிலில் ஊதுவத்தி வாசம் வந்தால்கூட எனக்குக் குமட்டியது. அதற்குப் பதில் அடுப்புக்கரியை ஒரு மூங்கில் கூடையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம், ஜன்னலைத் திறந்து வைத்தோம். ஈ வராமலிருக்க ஜன்னலுக்கு வலை அடித்தது தனிச் செலவு, ஆனால் மீன் மார்க்கெட் பக்கத்தில் இருப்பவர்கள் அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி கட்டுப் பொருள்கள். மூன்று அடுக்காக நினைத்துக்கொள்ளுங்கள். புண்ணைத் தொடுகிற முதல் அடுக்கு ஒட்டாததாக இருக்க வேண்டும். பாராபின் தடவிய வலைத்துணி பாக்கெட்டில் கிடைக்கிறது. அது தீர்ந்துபோன நாட்களில் சுத்தமான காஸில் வாசலினைத் தாராளமாகத் தடவி வைத்தேன், ஏறக்குறைய அதே வேலையைச் செய்தது. சிலிகான் வலை இதைவிட நல்லது, நாள்கணக்கில் அப்படியே விடலாம், விலைதான் ஏற முடியாத உயரம். இரண்டாவது அடுக்கு உறிஞ்சுவதற்கு. மூன்றாவது, பிடித்து வைப்பதற்கு.

அத்தையின் புண் நவம்பர் வாக்கில் உள்ளங்கையையும் தாண்டி, முழங்காலின் பின்பக்கம் வரை போயிருந்தது. நீர் கொட்டும். காலையில் போட்ட கட்டு மதியத்துக்குள் பாய் வரை நனைந்துவிடும். ஆல்ஜினேட் என்று கடற்பாசியிலிருந்து செய்கிற பஞ்சு மாதிரியான ஒன்று உண்டு. நீரைக் குடித்துக் கூழாகிவிடும், ஒட்டாது, சின்ன ரத்தக் கசிவையும் நிறுத்தும். ரத்தமும் நீரும் சேர்ந்து வருகிற புண்ணுக்கு அதைவிட நல்லது நான் பார்க்கவில்லை. ஆனால் புண் வறண்டிருக்கும் இடத்தில் வைத்தால் அதுவே காய்ந்து ஒட்டும். ஃபோம் கட்டும் நன்றாக உறிஞ்சும். கரி வைத்த கட்டு வாடையைப் பிடிக்கும் என்றார்கள், நனைந்தவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது, எங்கள் புண் எப்போதும் நனைந்தே இருந்ததால் பிரயோஜனப்படவில்லை. ஆல்ஜினேட் தாள் ஒன்றின் விலை எங்கள் வீட்டு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. தினமும் இரண்டு தாள் எங்கிருந்து போடுவது? அதனால் ரத்தம் கசிகிற மேல்முனையில் மட்டும் சின்னத் துண்டாக அதை வைத்தோம். மற்ற இடத்துக்கு வலைத்துணி.

உறிஞ்சுவதற்கு நாங்கள் பயன்படுத்தியது மாதவிடாய் நாப்கின். கூச்சப்பட வேண்டாம், ஆஸ்பத்திரி சிஸ்டரே சொன்ன வழி. அடியில் பிளாஸ்டிக் தாள் இருப்பதால் நீர் துணிக்கு வராது. நேராகப் புண் மேல் வைக்கக் கூடாது, ஒட்டாத அடுக்குக்கு மேல்தான். நீர் கூடிய மாதங்களில் குழந்தைகளுக்குப் போடுகிற பெரிய அளவு டயப்பர். கெண்டைக்காலைச் சுற்றி அழகாக உட்கார்ந்து, பக்கத்து ஒட்டுப்பட்டையால் தானே பிடித்துக்கொள்ளும். அதை வெட்டி மட்டும் பயன்படுத்தாதீர்கள், உள்ளே இருக்கிற உறிஞ்சும் மணிகள் கொட்டிப் புண்ணில் போய்விடும். பிளாஸ்திரி வேண்டவே வேண்டாம். நம் ஊர் மே மாத வேர்வைக்கு அது நிற்காது, நின்றால் தோலை உரித்துக்கொண்டு வரும். அகலமான ரோல் பேண்டேஜை இறுக்காமல் சுற்றினால் போதும்.

பஞ்சு, காஸ் செலவைக் குறைக்க அத்தையின் பழைய நூல் புடவைகளைக் கிழித்தோம். துவைத்து வெயிலில் காயப்போட்டு, சதுரமாக மடித்துத் துணிப்பையில் கட்டி, குக்கரில் தட்டு போட்டுத் தண்ணீர் படாத உயரத்தில் வைத்து அரை மணி நேரம் ஆவியில் வேகவிடுவேன். பிறகு அப்படியே ஆறவிட்டு மூடி வைப்பேன். அதற்கென்று ஒரு குக்கரைத் தனியாக ஒதுக்கிவிட்டேன். அந்தப் புடவைகளில் ஒன்று, தீப்பிடித்த வருடத்துக்குப் பிறகு முதலில் வாங்கியது என்று அத்தை சொன்னார். கிழிக்கட்டுமா என்று கேட்டேன். "என் காலுக்குத்தானே, கிழி" என்றார்.

புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலை மறந்துவிடாதீர்கள். கசிகிற நீர் பட்டுப் பட்டு அது வெளுத்து, ஊறி, புண்ணைவிட அதிகமாக எரியும். கழுவித் துடைத்தவுடன் ஜிங்க் ஆக்சைடு களிம்பு, இல்லையென்றால் வாசலின், இரண்டு விரல் அகலத்துக்குப் பூச வேண்டும். இதை நான் ஜூன் மாதம் வரை செய்யவில்லை.

ரத்தம் வந்த கதையைச் சொல்ல இப்போதும் கை நடுங்குகிறது. செப்டம்பரில் ஒரு ராத்திரி, திரும்பிப் படுக்கும்போது கட்டில் சட்டத்தில் கால் உரசி, டயப்பர் முழுக்கச் சிவந்து தரையில் சொட்டியது. வெள்ளைத் துண்டை எடுத்து அழுத்தினேன். அத்தை அந்தத் துண்டைப் பார்த்துத்தான் மிரண்டார், வலியால் இல்லை. சிஸ்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், அடர் மெரூன் துண்டு இரண்டு வாங்கிக் கட்டிலிலேயே வைத்துக்கொள் என்று. நான் வாங்கவில்லை. அடர் நிறத் துணியில் ரத்தம் ரத்தமாகத் தெரியாது, நோயாளிக்கும் பயம் வராது, கட்டுகிறவருக்கும் கை ஓடும். மறுநாள் காலை முதல் வேலையாகத் தண்டையார்பேட்டை போய் வாங்கிவந்தேன்.

அழுத்தினால் பத்துப் பதினைந்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. அன்று இவர் செல்போனில் நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். உறைந்த ரத்தம் கரைந்துவிடாமல் காத்துக் கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசி மருந்தைக் காஸில் நனைத்து வைக்கவும் சிஸ்டர் பழக்கியிருந்தார். டாக்டர் சீட்டின் பேரில் இரண்டு ஆம்பியூல் வீட்டில் எப்போதும் இருந்தது. நின்ற பிறகு அந்தக் காஸைப் பிடுங்காமல் அதன் மேலேயே கட்டிவிட்டு, மறுநாள் நன்றாக ஊறவைத்து எடுத்தோம். ரத்தம் நிற்காமல் போனால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது, 108க்குப் போவதா, வீட்டிலேயே வைத்துத் தூக்க மருந்து கொடுப்பதா என்பதை நோயாளி தெளிவாக இருக்கும்போதே டாக்டரிடமும் வீட்டிலும் பேசி வைத்துவிடுங்கள். நாங்கள் பேசினோம். அத்தை வீடுதான் என்றார்.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ராத்திரி தொடங்கிய மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. அத்தையைக் கட்டிலோடு செங்கல் மேல் தூக்கி வைத்தோம். காஸ், நாப்கின், மாத்திரை எல்லாம் கீழ்த்தட்டில் இருந்தன, நனைந்து போயின. இரண்டரை நாள் கட்டு மாற்றவில்லை. சாக்கடையும் மழையும் கலந்த தண்ணீரில் நின்றுகொண்டு அந்தப் புண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாம் நாள் அத்தை, "உள்ள இன்னாமோ ஊருது" என்றார். பிரித்தேன். புழு.

நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். வாய் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்த முதுகை நான் மறக்க மாட்டேன். யாருக்கும் புழு வைப்பது அவர்கள் செய்த பாவத்தால் இல்லை. ஈ உட்கார்ந்தால் யார் புண்ணிலும் வைக்கும், அரை நாள் திறந்து கிடந்தாலே போதும். அதை அத்தையிடம் அன்று உடனே சொல்லியிருக்க வேண்டும், சிஸ்டர் வந்துதான் சொன்னார். அவர் டர்பன்டைனைக் காஸில் நனைத்துப் புண்ணின் ஓரமாக வைத்தார், உள்ளே ஊற்றவில்லை. மூச்சுத் திணறிப் புழுக்கள் மேலே வந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். எரியும் என்பதால் மார்ஃபின் முன்னாலேயே கொடுத்திருந்தோம். இரண்டு மூன்று நாள் அப்படிச் செய்து முழுக்கச் சுத்தமானது. இதை நீங்களாகச் செய்ய வேண்டாம், தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கான கட்டுப் பொருளை மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் போட்டுப் பரண் மேல் வைத்தேன். வடசென்னையில் ஐப்பசி, கார்த்திகை வருமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

குப்பை விஷயத்திலும் ஒரு வார்த்தை. கழற்றிய கட்டைச் செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு, சாப்பாட்டுக் குப்பையோடு சேர்க்காமல் தூய்மைப் பணியாளர் அம்மாவின் கையில் என்ன என்று சொல்லிக் கொடுப்பேன். தொட்டியில் போட்டால் நாய் இழுத்துத் தெருவெல்லாம் போட்டுவிடும். அவர்களும் வெறுங்கையால் எடுக்கிறவர்கள்.

சாப்பாடு. புண் என்றாலே மீன், கருவாடு, கத்தரிக்காய் ஆகாது என்று ஊரே சொல்லும். அந்தப் பேச்சைக் கேட்டு, மீனிலேயே வாழ்ந்த ஒருத்திக்கு ஐந்து மாதம் ரசம் சோறும் பருப்பும் போட்டேன். உடம்பு கரைந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, அவர் கேட்பதைக் கொடுங்கள், மீன் நல்லது, இந்தப் புண்ணில் ஒழுகிப்போகிற நீரோடு புரதமும்தான் போகிறது என்றார். அன்று சாயந்திரம் நெத்திலிக் குழம்பு. அத்தை தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். ஐந்து மாதத்தில் அவர் குறை சொன்ன முதல் சாப்பாடு அது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

ஜனவரி முடிவில் அத்தை பேசுவது குறைந்தது. கட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றினோம், அதற்கு மேல் அசைக்க வேண்டாம் என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். ஒருநாள் கட்டிக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்து, "என்னைத் தூக்குற அன்னிக்கு வாடை அடிக்கக் கூடாதும்மா. மார்க்கெட்டே வரும்" என்றார். அடிக்காது அத்தை என்றேன்.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை போய்விட்டார். சொந்தக்காரப் பெண்கள் குளிப்பாட்ட வருவதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு கடைசிக் கட்டைப் போட்டேன். உயிர் போன பிறகும் புண் கசிந்துகொண்டிருக்கும், அதனால் அதுவரை போட்டதைவிட அதிகமாகவே போட வேண்டும் என்று சிஸ்டர் போனில் சொன்னார். வலிக்காது என்று தெரிந்தும் பழைய கட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துத்தான் எடுத்தேன். மாத்திரை மிச்சமிருந்ததையெல்லாம் இடித்துத் தூவினேன். சிக்கனம் பிடித்து வைத்திருந்த ஆல்ஜினேட் தாள் ஏழையும் முழுசாகப் பரப்பினேன். அதன் மேல் நாப்கின், டயப்பர், பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றுக்கும் மேல் குக்கரில் வெந்த அந்தப் புடவைத் துணி.

ஐஸ் பெட்டியில் வைக்கும்வரை மார்க்கெட் பெண்கள் அத்தையின் காலைத் தொட்டுக்கொண்டு, சுற்றி நெருக்கமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். யாரும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோகவில்லை.